அக்கரையில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று பொட்டு வாங்காத பொருள் கிடையாது. அப்பாவின் வெற்றிலைக் கடைத் தராசு, அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, டார்ச் லைட், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சாமி படங்களுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு வருஷம் அம்மா தண்ணீர்க் குழாய்க்கும் பொட்டு வைத்துவிட்டு, "இதுவும் நமக்காகத்தான உழைக்குது" என்றாள். அப்படிப்பட்ட வீட்டில் எனக்கு ஒன்பது வயதானபோது குங்குமத் தட்டை முதல் முறையாக என் கையில் கொடுத்தார்கள். அதில்தான் வந்தது வினை.

நாங்கள் ஹனூர்ப் பக்கமிருந்து மைசூருக்கு வந்தவர்கள். அக்ரஹாரத்தில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, இவ்வளவுதான் குடும்பம். சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ரயில்வே பணிமனையில் பிட்டர் வேலை. எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ஐந்து மணிக்கு எண்ணெய்க் கையோடு வருவார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மறுபடியும் எண்ணெயில் கை வைப்பார். இது வேறு எண்ணெய். படம் வரைகிற எண்ணெய்ச் சாயம்.

அந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை குக்கரஹள்ளி ஏரிப் பக்கம் சும்மா நடக்கப் போனவர், அங்கே நாலைந்து மாணவர்கள் ஸ்டாண்டு போட்டுப் படம் வரைவதைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னார்.

"அண்ணி, தண்ணி நீலமே இல்லீங்க! நாமளா நீலம்னு நெனச்சுட்டிருக்கறோம். பச்சை இருக்குது, சாம்பல் இருக்குது, ஒரு ஓரத்துல காப்பித்தண்ணியாட்டம் இருக்குது. நீலம் மட்டும் இல்லீங்க!"

"சரி, கை கழுவிட்டு உக்காருங்க தம்பி, சோறு ஆறுது" என்றாள் அம்மா.

அம்மாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மா பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டவள். நல்ல நேரம் பார்க்காமல் அரிசி ஊறப்போட மாட்டாள். ஒரு தடவை நஞ்சன்கூடு கோயிலுக்குக் கிளம்பிய நாங்கள் ராகு காலம் முடியட்டும் என்று பையும் கையுமாக வாசலுக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் நின்றோம். எங்கள் பஸ் தெரு முனையில் ஹாரன் அடித்துக்கொண்டு போவது காதில் விழுந்தது. அப்பா பெருமூச்சு விட்டார். அம்மா அசையவில்லை. "அவன் நேரம் அவனுக்கு, நம்ம நேரம் நமக்கு" என்றாள். இப்போது நானும் பஞ்சாங்கம் பார்த்து விளக்கேற்றுகிறவள்தான். ஆனாலும் அம்மா அளவுக்கு என்னால் முடியாது.

ஊரில் படம் வரைகிறவர்கள் சேர்ந்து தசராவை ஒட்டி ஒரு கண்காட்சி வைப்பார்கள். முந்தின வருஷம் சித்தப்பா ஒரு ஏரிப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அதை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்து வீட்டில் உட்கார்ந்து போட்டது மாதிரி இருக்கிறது, இதில் காற்றே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வார்த்தை சித்தப்பாவுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. ஏனென்றால் அது நிஜம். அவர் காலண்டரைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்.

அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "டேய் தம்பி, வேலை இருக்குது, கை காலு சுகம் இருக்குது. பொண்ணு பாக்கலாம்னா சாயத்தக் கொழைச்சிட்டு உக்காந்திருக்கற. எத்தனை நாளைக்கு இது?" என்று தினமும் ஆரம்பித்துவிடுவார். கடைசியில் நவராத்திரி தொடங்குவதற்கு முந்தின நாள், சித்தப்பா சாமி முன்னால் எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார். ஏரியை அவர் கன்னடத்தில் கெரெ என்றுதான் சொல்வார்.

"இந்தத் தடவை கெரெக்கே போயி, அங்கயே உக்காந்து, பார்த்துப் போடறனுங்க. இதையும் திருப்பிக் குடுத்தாங்கன்னா பெட்டியப் பரண் மேல ஏத்திடறேன். அப்புறம் நீங்க காட்டற பக்கம் தலையாட்டறேன். சாமுண்டித் தாயி சாட்சி."

சூடம் அடித்தால் சும்மாவா?

பஞ்சாங்கத்தில் அந்த மாதங்களுக்குச் சரத் ருது என்று போட்டிருக்கும். மழை ஓய்ந்து, வெயில் சுடாமல், வானம் கழுவி வைத்த மாதிரி இருக்கும் காலம். தசரா விடுமுறை என்பதால் நான் தினமும் சித்தப்பாவோடு போனேன். விடிவதற்குள் குளித்து, நெற்றிக்கு வைத்துக்கொண்டு, சைக்கிள் பாரில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். கேரியரில் சாயப் பெட்டி, கொசுவலைக் கம்புகளை வைத்து அவரே செய்த ஸ்டாண்டு, துணி இழுத்துக் கட்டிய சட்டம். அக்ரஹாரத்தில் அப்போதுதான் பால் பாக்கெட் இறங்கிக்கொண்டிருக்கும். கோலம் போடுகிற பெண்கள் எங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் ஏதோ ஊர்வலத்தில் போகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

ஏரி ஒரு மூலையில் குறுகி வளைந்திருக்கும். கூப்பிட்டால் எதிர்க்கரைக்குக் கேட்கிற தூரம்தான். சித்தப்பா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். எதிரே நடைபாதை போட்ட கரை, அதில் ஒரு மூங்கில் புதர், அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு வாதாம் மரம். மற்ற மரமெல்லாம் பச்சையாக இருக்க, அந்த வாதாம் மட்டும் அவசரப்பட்டு ஒன்றிரண்டு இலையைச் சிவப்பாக்கி வைத்திருந்தது. தண்ணீர் மேல் பனி ஆவி மாதிரி நகரும். கூழைக்கடாக்கள் பெரிய பெரிய பையை வாயில் கட்டிக்கொண்டு மிதக்கும். சூரியன் வந்ததும் மூங்கிலின் உச்சியில் முதலில் ஒரு மஞ்சள் விழும். பிறகு அது மெதுவாக இறங்கித் தண்ணீருக்கு வரும். அந்த நேரத்துக்காகத்தான் சித்தப்பா காத்திருப்பார். வந்ததும் குதிப்பார்.

"வந்துருச்சு, வந்துருச்சு! அம்மிணி, அங்க பாரு, பனிக்கு அடியில! அது என்ன நெறம்? சொல்லு, சொல்லு!"

"வெள்ளை."

"இல்ல!"

"மஞ்சள்."

"இல்ல!"

"புளிச்ச மோர்!"

"அதான்! அதேதான்!" என்று கத்திக்கொண்டு சாயத்தைக் குழைப்பார். நடக்க வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்காது. உலகத்திலேயே முக்கியமான வேலை அந்தக் கரையில்தான் நடக்கிறது என்று நினைத்தேன்.

ஏழு மணிக்குப் பனி கலைந்துவிடும். உடனே எல்லாவற்றையும் மூடிவிடுவார். "இனிமே இது வேற கெரெ அம்மிணி. நம்ம கெரெ நாளைக்கு வரும்." வீட்டுக்கு வந்ததும் படத்தை முன்னறையில் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பார். எண்ணெய்ச் சாயம் காய நாட்கணக்கில் ஆகும். அதனால் யாரும் கிட்டே போகக்கூடாது. மிச்சச் சாயம் இருக்கும் எனாமல் தட்டை மட்டும் துவைக்கிற கல்லடியில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் முழுக வைப்பார். தண்ணீருக்குள் இருந்தால் சாயம் காயாதாம். பார்க்க எச்சில் தட்டு மாதிரி அருவருப்பாக இருக்கும்.

ஒன்பதாம் நாள் காலையில் கரையும் மரமும் வானமும் முடிந்துவிட்டன. பாக்கி இருந்தது தண்ணீர்தான். விஜயதசமி காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அன்று பத்து மணிக்குள் கண்காட்சி மண்டபத்தில் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஜம்பு சவாரி என்கிற தசரா யானை ஊர்வலத்துக்காக ரோட்டையெல்லாம் அடைத்துவிடுவார்கள்.

அந்த ஒன்பதாம் நாள்தான் ஆயுத பூஜை. சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா பிரஷ்களையும் சாய டியூபுகளையும் பெட்டியோடு கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்கு அடியில் வைத்தாள். நான் தட்டோடு சுற்றி வந்தேன். எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. அப்போதுதான் பீரோவுக்குப் பின்னால் இருந்த படம் நினைவுக்கு வந்தது.

தொடக்கூடாது என்று தெரியும். ஆனால் சூடம் அடித்த சத்தியம் அந்தப் படத்தின் மேல்தானே இருக்கிறது? இஸ்திரிப் பெட்டிக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு அதை விட்டால், அம்மன் கணக்கில் அது விட்டுப் போய்விடாதா? வெகுநேரம் யோசித்தேன். வானத்தில் வைக்கக்கூடாது, அது சாமி இருக்கும் இடம். தண்ணீரில் வைத்தால் கரைந்துவிடும். ஆகவே எதிர்க்கரையில், மூங்கிலுக்கும் வாதாமுக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் இருந்தது, அங்கே மோதிர விரலால் குங்குமம் வைத்தேன். ஆண்பிள்ளை போட்ட படம் அல்லவா என்று பொட்டை மேல் பக்கமாக நீட்டி இழுத்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஈரச் சாயத்தில் குங்குமம் அப்படியே பதிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்த நிறைவு.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் சித்தப்பா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு உள்ளே வந்து நின்றார்.

"யாரது, என்ற படத்துக்குச் சாமி கும்பிட்டது?"

நான் ஓவென்று அழுதேன். அதுவே பதிலாகிவிட்டது. அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. துணியால் துடைத்தால் கரை முழுக்கச் சிவப்பு இழுபடுமாம். சின்ன பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மேலே பச்சை வைக்க வேண்டுமாம். அதற்கும் தண்ணீருக்கும் சேர்த்துக் காலையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அவர் அம்மாவிடம் போனார்.

"அண்ணி, காலையில அஞ்சரைக்கு ஒரே ஒரு பிரஷ் மட்டும் எடுத்துக்கறனுங்க."

அம்மா நிமிரவில்லை. "சரஸ்வதிக்கு வெச்சத நடுவுல எடுக்கறதா? தசமி ஆறரைக்குத்தான் பொறக்குது. அதுக்கப்புறம் மறுபூஜை பண்ணித்தான் கை வெக்கணும்."

"ஆறரைக்கு மேல பூஜை பண்ணி நான் அங்க போறதுக்குள்ள ஏழு தாண்டிருமுங்க. வெளிச்சம் போயிருங்க."

"வெளிச்சம் நாளன்னிக்கும் வரும்."

"நாளன்னிக்குப் படம் வாங்க மாட்டாங்களே அண்ணி."

அப்பா முன்னறையிலிருந்து, "அதான் பாப்பா பொட்டு வெச்சுக் குடுத்துட்டாளே. பெட்டி தானாப் பரணுக்கு ஏறிக்கும்" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா அடுப்பைத் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். சித்தப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணி சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டில் அவருக்கு ஐந்து வருஷமாகச் சோறு போட்டது அந்தக் கை.

விடிகாலையில் அவர் எழுந்த சத்தம் கேட்டு நானும் எழுந்துவிட்டேன். "நானும் வர்றேன்" என்றேன். குற்றம் செய்தவள் வீட்டில் இருக்க முடியாது. அவர் துவைக்கிற கல்லடியில் இருந்த எனாமல் தட்டை வெளியே எடுத்துத் தண்ணீரை வடித்தார். அசிங்கமாக இருக்கிறது என்று அதை மட்டும் யாரும் பூஜைக்கு எடுத்துப் போகவில்லை. சாயம் புதுசாக மின்னியது. அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கட்டி, கிழிந்த வேட்டித் துணியும் படமும் எடுத்துக்கொண்டார். சைக்கிளில் ஏறினோம்.

ஏரியில் அன்றைக்கென்று பார்த்துப் பனி நன்றாக இறங்கியிருந்தது. சித்தப்பா தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்து முணுமுணுவென்று ஏதோ சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பூஜையில வெக்காத ஆயுதம் இந்தப் பத்து வெரலுதான். நல்லவேளை, நீ இதுக்குப் பொட்டு வெக்கல" என்றார். அவர் கேலி பேசியதும் எனக்கு உயிர் வந்தது.

மூங்கில் உச்சியில் மஞ்சள் விழுந்தது. அவ்வளவுதான். ஆள்காட்டி விரலைத் தட்டில் தோய்த்துத் தண்ணீரை ஆரம்பித்தார். பக்கவாட்டில் விரலை இழுத்தால் அலை. உள்ளங்கை ஓரத்தால் ஒற்றினால் பனி. துணியைச் சுருட்டித் தட்டினால் மூங்கிலின் நிழல். வலது கை, இடது கை, கட்டை விரல், சுண்டு விரல் என்று வீணை வாசிக்கிற மாதிரி ஓடினார். "புளிச்ச மோர் எங்க, புளிச்ச மோர் எங்க!" என்று கத்தினார். நான் தட்டைப் பார்த்து, "அந்த ஓரத்துல!" என்று கத்தினேன்.

காலை நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார். "ஏன் ஸ்வாமி, பிரஷ் மனேல் பிட்டு பந்த்ரா?" என்று கேட்டார். வீட்டிலேயே பிரஷ்ஷை விட்டுவிட்டு வந்தீர்களா என்று.

"பிரஷ் பூஜேல் இதெ சார்" என்றார் சித்தப்பா, திரும்பாமலே.

"ஓ, ஹௌதா" என்று அந்தப் பெரியவர் தலையாட்டிவிட்டு நடந்தார். பூஜையில் இருக்கும் பிரஷ்ஷை எடுக்க முடியாது என்பது மைசூரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

தண்ணீர் முக்கால்வாசி வந்துவிட்டது. சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை. "இனி உன்ற பொட்டு" என்று சொல்லி, சுரண்டுவதற்கு நகத்தை அதன் கிட்டே கொண்டுபோனார். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. கும்பிட்டு வைத்ததைச் சுரண்டப் போகிறாரே என்று கண்ணைத் தூக்கி எதிர்க்கரையைப் பார்த்தேன்.

மூங்கிலுக்கும் வாதாமுக்கும் நடுவே, சரியாக அந்தக் காலி இடத்தில், சிவப்பாக ஒன்று நின்றது.

"சித்தப்பா! நான் வெச்ச பொட்டு அங்க நிக்குது!"

அவர் நிமிர்ந்தார். அரக்குச் சிவப்பில் பண்டிகைச் சேலை. கையில் ஒரு மஞ்சள் பை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தது அம்மா. ஊர்ப் பக்க வாசலில் நுழைந்து நேரே அந்தக் கரைக்குப் போய்விட்டாள். நாங்கள் எந்தக் கரையில் உட்காருவோம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாளும் அவள் வந்ததில்லையே.

"அண்ணீ!" சித்தப்பா போட்ட சத்தத்தில் கூழைக்கடாக்கள் இறக்கையை அடித்தன. "நில்லுங்க! அங்கயே நில்லுங்க! அசையாதீங்க!"

அம்மா கல்லாகிவிட்டாள். ஒரு கால் முன்னால் வைத்தது வைத்தபடி. பிறகு மெதுவாகக் கையை மட்டும் உயர்த்திப் பையைக் காட்டினாள். காற்றில் அவள் குரல் மெல்லியதாக வந்தது. "பிரஷ்ஷு! பிரஷ்ஷு கொண்டாந்திருக்கறேன்!"

"அப்புறமுங்க! இப்ப நில்லுங்க!"

சித்தப்பா என் பொட்டைச் சுரண்டவே இல்லை. அதன் தலையில் நகத்தால் துளிக் கறுப்பு வைத்தார், கூந்தல் வந்துவிட்டது. பக்கத்தில் துளி மஞ்சள் வைத்தார், பை வந்துவிட்டது. பிறகு சுண்டு விரலை அந்தச் சிவப்பில் லேசாகத் தொட்டு, கீழே தண்ணீரில் மூன்று இடத்தில் தொட்டார். அம்மாவின் நிழல் அலையில் உடைந்து உடைந்து எங்கள் பக்கமாக வந்தது. படம் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் நடக்கிறவர்கள் அம்மாவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி நின்று உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று விசாரித்தாள் போலிருக்கிறது. அம்மா தலையை ஆட்டாமலே ஏதோ பதில் சொன்னாள்.

அவருக்கு வேண்டிய பிரஷ்கள் எல்லாம் எதிர்க்கரையில் அம்மா கையில் இருந்தன. அந்த அம்மாவை இங்கே இவர் விரலால் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்குப் பனி கலைந்தது. சித்தப்பா இரண்டு கையையும் தூக்கி, "ஆச்சுங்க, வாங்க!" என்று கத்தினார். அம்மா கரையைச் சுற்றி ஓட்டமும் நடையுமாக வந்தாள். வந்த வேகத்தில் ஒரு பிடி பிடித்தாள்.

"பாம்பு கெடக்குதுன்னு நெனச்சு நின்னேன், பாவி மனுசா! காலு மரத்துப் போச்சு. என்ன ஏதுன்னு சொல்றதில்லையா?"

"படம் போட்டனுங்க அண்ணி. உங்களத்தான்."

அம்மா படத்தின் முன்னால் குனிந்தாள். தேடினாள். "இதுல நான் எங்க?"

"இதா, இது."

"இத்துனூண்டா?" அம்மாவின் குரல் ஏறியது. "இத்தனை நேரம் நிக்க வெச்சுட்டு, கடுகாட்டம்!"

"தூரமா நின்னீங்க, அதாங்க."

"கிட்ட வர விட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சித்தப்பாவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையைக் கொண்டுபோனவர், கை முழுக்கச் சாயம் என்று நிறுத்திக்கொண்டார். அம்மா மஞ்சள் பையிலிருந்து பிரஷ்களை எடுத்துக் கொடுத்தாள். காம்புகளில் நான் வைத்த பொட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு செவ்வந்தி இதழும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சின்னதாக ஒன்றை எடுத்து, படத்தின் மூலையில் தன் பெயரை எழுதினார். அவ்வளவுக்குத்தான் பிரஷ் தேவைப்பட்டது.

அங்கிருந்து மண்டபத்துக்கு, சைக்கிளை அவர் தள்ள, ஈரப் படத்தை அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஜம்பு சவாரி பார்க்க ஊர் முழுக்கக் கிளம்பிவிட்டது. மூங்கில் தடுப்புகளுக்கு இடையில் ஜனம் நெருக்கியது. "ஈரம், ஈரம்!" என்று சித்தப்பா முன்னால் கத்திக்கொண்டு போக, பண்டிகைச் சேலையில் அம்மா படத்தை ஏந்திக்கொண்டு வருவதைப் பார்த்துச் சாமி படம் என்று நினைத்து ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். யார் சாமி என்று கன்னடத்தில் கேட்டார். "கெரெ, தாத்தா" என்றேன். "கங்கம்மா" என்று சொல்லி அவர் இன்னொரு முறை கும்பிட்டார்.

மண்டபத்தில் மேஜைக்குப் பின்னால் போன வருஷத்து மனிதரே இருந்தார். அந்த இடத்திலேயே உட்கார்ந்து போட்டதுதானா என்று கேட்டார். படத்தின் ஓரத்தை விரலால் தொட்டார், சாயம் ஒட்டியது. சித்தப்பாவின் பத்து விரலையும் பார்த்தார். முழங்கை வரைக்கும் ஏரி அப்பியிருந்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"சார், இதுல காத்து இருக்குதுங்களா?" என்று சித்தப்பா கேட்டார். அவருக்குத் தமிழ் புரியவில்லை. படத்தை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார். அந்த வருஷம் அது கதவோரத்தில், எல்லோரும் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், பதினைந்து நாள் தொங்கியது. பெட்டி பரணுக்கு ஏறவே இல்லை.

நான் சொல்ல வந்தது இன்னும் ஒன்று இருக்கிறது.

அன்று மத்தியானம் வீட்டில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கணக்கு இடித்தது. நான் கணக்கில் கெட்டிக்காரி. "ஏம்மா, தசமி ஆறரைக்குத்தான பொறக்குது? நீ அங்க வந்தப்பவே சித்தப்பா வாட்ச்சுல ஆறரை. நம்ம வீட்டுல இருந்து நடக்க அரை மணி ஆகுமே. அப்ப எப்படி மறுபூஜை பண்ணி எடுத்த?"

இலையில் பாயசம் ஊற்றப் போன அம்மா கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துக்குள் விட்டாள்.

"நம்ம வீட்டுக் கடிகாரம் அரை மணி முன்னாடி ஓடுது போல கண்ணு. அதப் பாத்துத்தான் எடுத்தேன்."

ஆகா, இவ்வளவுதானா என்று எனக்குச் சமாதானமாகிவிட்டது. அம்மா தப்புப் பண்ண மாட்டாள், கடிகாரம்தான் பண்ணியிருக்கிறது. உடனே ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, நம்ம கடிகாரம் அரை மணி முன்னாடி ஓடுதாம். அம்மா சொன்னா. சரி பண்ணுங்க."

அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள், பாயசம் எப்போதோ ஆகிவிட்டிருந்தும். அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறினார். கண்ணாடிக் கதவைத் திறந்து, பெரிய முள்ளைப் பிடித்து, நிதானமாக அரை மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பச் சரியாயிருச்சு அம்மிணி" என்றார்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, அந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சாவகாசமாகக் கிளம்பிப் போனேன். பிரார்த்தனை முடிந்து முதல் பாடம் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் என்னை அரை மணி நேரம் வெளியே நிற்க வைத்தார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தேன். அப்பா கையாலேயே சரி பண்ணின கடிகாரம், அது எப்படித் தப்பாக ஓடும் என்று எனக்கு விளங்கவே இல்லை.